உடம்பில்லாத கம்ப்யூட்டர்களுக்கு ஒரு ஜெபம்

பிதாவே என்று தொடங்கினவள் அதற்கு மேலே போக முடியாமல் நின்றுவிட்டாள். மடியில் சுளகு, சுளகில் உருவினதும் உருவாததுமாக முருங்கைக்கீரை. அன்னபாய்க்கு ஜெபம் வராமல் போனதே இல்லை. மழைக்கு ஜெபித்திருக்கிறாள், மகன் எட்வினின் மஸ்கட் விசாவுக்கு ஜெபித்திருக்கிறாள், எதிர்வீட்டுப் பூனை மொட்டைமாடித் தொட்டிக்குள் மாட்டிக்கொண்டு கத்தினபோதுகூடக் கண்ணை மூடி இரண்டு வார்த்தை சொல்லியிருக்கிறாள். வாய் தானாகத் திறக்கும், வார்த்தை தானாக வந்து விழும். இன்றைக்கு உள்ளறையில் மகள் பிரிசில்லா இரண்டு திரைக்கு முன்னால் முதுகை வளைத்து உட்கார்ந்திருக்க, இவள் கூடத்து நாற்காலியில் இருந்துகொண்டு பிதாவே என்கிறாள், என்றதும் என்னத்தைக் கேட்பது என்று ஒரு கேள்வி குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டரெல்லாம் எழும்பணும் என்று கேட்கலாம், அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்று, விருந்தாளிகள் முன்னால் அம்மா முந்தானையை இழுக்கிற பிள்ளை மாதிரி, நின்று நின்று இழுக்கிறது. எப்படி விழுந்தது என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது, அதையும் கேள், அதையும் கேள். அதை எப்படிக் கேட்பது, அதுவும் அவரிடம் போய். அன்னபாய் ஒரு ஈர்க்கை எடுத்து உருவினாள். இலை கையில் வந்தது, ஜெபம் வரவில்லை. மறுபடியும் பிதாவே என்றாள்.

உள்ளே அதுவும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. பாதி சாத்தின கதவு வழியாகத் திரை தெரிந்தது. கறுப்பாக இருக்கும், நடுவில் சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டம் போடும், இதோ எழும்பப் போகிறது என்று இருக்கும்போது முழுசும் நீலமாகிவிடும், வெள்ளை எழுத்தில் என்னமோ வரும், அப்புறம் கறுப்பு, மறுபடியும் புள்ளிகள். விழுந்து எழும்பி, எழும்பினதும் விழுந்து. அது நிஜமான கம்ப்யூட்டர்கூட இல்லையாம். பெங்களூரில் எங்கேயோ குளிரூட்டின அறையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது, அதற்குள்ளே பல கம்ப்யூட்டர்கள், தனித்தனியாகப் பெயர் வைத்து, தனித்தனியாக வேலை கொடுத்து. தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது, ஆனால் ஒவ்வொன்றும் தன்னை நிஜமென்றே நினைத்துக்கொண்டு வேலை செய்யும் என்று வந்த புதிதில் பிரிசில்லா சொல்லியிருந்தாள். அன்னபாய் எட்டாவதோடு நின்றவள். உடம்பில்லாததுக்கு எப்படிட்டி சீக்கு வரும் என்று அன்றைக்குக் கேட்டாள், மகள் சிரித்தாள். இன்றைக்கு வந்திருக்கிறது. காவல் புரோகிராம் ஒன்று, வைரஸ் வராமல் பார்த்துக்கொள்வது, அதற்குப் புது ஃபைல் வந்திருக்கிறது, டிரைவர் ஃபைல் என்கிறாள். அதை எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட வேண்டும். போடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் யாருக்கும் உதவாத ஒன்றில் மட்டும் போட்டு, அணைத்து, எழுப்பி, நன்றாக எழும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதற்கு அனுப்புவது. இன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. ஒன்றை மட்டும் தொட வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் தொட்டு அனுப்பியாகிவிட்டது. எல்லாம் சேர்ந்து அணைந்தன, எழும்பும் நேரத்தில் எல்லாம் சேர்ந்து விழுந்தன. அதை அனுப்பின நேரத்தில்தான் இவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் காலை ஜெபம் முடியாமல் யாரும் வேலையைத் தொடுவதில்லை, வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்திலிருந்தே அப்படி. மகளுக்கு இப்போது வேலை முன்னாலேயே தொடங்கிவிடுகிறது, தெரியும், தெரிந்துதான் ஒரு தடவை கூப்பிட்டாள், இதோம்மா என்று பதில் வந்தது, இன்னொரு தடவை கூப்பிட்டாள், இதோ, இதோ. மூன்றாவது தடவை கொஞ்சம் காட்டமாகவே, "ஆண்டவரைக் காக்க வைக்காதட்டி" என்றாள்.

ஆண்டவரைக் காக்க வைக்காதட்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வார்த்தைதான் வந்து நிற்கிறது. அவர் காத்திருந்தால் என்ன, அவருக்கு என்ன அவசரம், பஸ்ஸா போய்விடும். இப்போது யார் காத்திருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களெல்லாம் ரத்தப் பரிசோதனை நிலையங்களுடையவை, ஊர் ஊருக்குக் கிளை உண்டு, காலையில் போய்ப் பெயரைச் சொன்னால் சீட்டு அடித்துக் கொடுத்து, சீட்டு ஒட்டின குப்பியில் ரத்தம் எடுத்து, என்று எல்லாமே அதற்குள்ளே ஓடுவதுதான். சீட்டு வரவில்லை என்றால் ரத்தம் எடுக்க மாட்டார்கள். வெறும் வயிற்றோடு வந்திருப்பார்கள், சர்க்கரை பார்க்க. அன்னபாய்க்கு அந்தப் பெஞ்சு தெரியும். வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு மாசம் தவறாமல் போய் உட்கார்ந்திருக்கிறாள், அவர் வெறும் வயிறு தாங்க மாட்டார், கை லேசாக நடுங்கத் தொடங்கும், நடுங்குவதை மறைக்கக் குடையைப் பிடித்துக்கொள்வார், ரத்தம் எடுத்த கையோடு வாசலில் டீக்கடை, இரண்டு பன். பன்னை டீயில் முக்கி அவர் தின்கிற வேகத்தைப் பார்த்தால் சின்னப் பையன் மாதிரி இருக்கும், மெல்லத் தின்னுங்க என்பாள், சபை மூப்பர் ஒருத்தர் ரோட்டில் நின்று பன் தின்பது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும். இப்போது எத்தனை ஊரில் எத்தனை குடை. அவர்களிடம் யாராவது வந்து, ஐயா, பாளையங்கோட்டையில் ஒருத்தி தன் மகளை முழங்கால் போடக் கூப்பிட்டாள், அதனால்தான் உங்களுக்கு இன்னும் காப்பி கிடைக்கவில்லை என்று சொன்னால் என்ன சொல்வார்கள். அடுப்பில் இட்லி ஆறிக்கிடந்தது. பிரிசில்லாவும் சாப்பிடவில்லை, இவளும் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் இருந்தால் அவர்களுக்குச் சரியாகிவிடுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், ஆகாது, ஆனாலும் இட்லிப் பக்கம் போக மனசில்லை.

உள்ளே பிரிசில்லா ச்சை என்று மேசையைத் தட்டினாள். அன்னபாய் எழுந்துபோய்க் கதவருகில் நின்றாள். என்னம்மா என்று மகள் திரும்பாமலே கேட்டாள், கேட்டுவிட்டுத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள்: நீலத் திரையில் ஒரு ஃபைலின் பெயர் வந்தது, அதுதான் கோளாறு என்று ஒரு கம்ப்யூட்டரில் அதை எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறாள், இப்போது அது தன்னுடைய டிஸ்க்கையே காணோம் என்கிறது, முன்னைக்கு இப்போது மோசம். "விழுந்த எடத்தத்தான் அது காட்டுதும்மா. தள்ளிவிட்டது வேற ஏதோ ஒண்ணு" என்றாள். அன்னபாய் சரி என்று தலையாட்டிவிட்டு நாற்காலிக்குத் திரும்பி வந்தாள், வந்த பிறகுதான் அந்த வார்த்தை உள்ளே இறங்கிற்று. விழுந்த இடம் ஒன்று, தள்ளிவிட்டது ஒன்று. போன ஐப்பசியில் குளியலறையில் இவளே விழுந்தாள். எதில் வழுக்கினது என்று இன்னும் தெரியாது. சோப்பா, பாசியா, தலைசுற்றலா. விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது, கன்னத்துக்குக் கீழே ஈரத் தரை, வாளியின் அடிப்பாகம் அவ்வளவு பக்கத்தில், அதில் ஒட்டியிருந்த சுண்ணாம்புக் கறை, குழாய் சொட்டுகிற சத்தம். கூப்பிட்டால் கேட்க ஆளில்லாத வீட்டில் சத்தம் போடுவது ஒரு மாதிரி இருக்கும், நம் குரலே நமக்கு அந்நியமாக. மீன்காரி வந்து பெல் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாக வந்தாளோ, பிழைத்தாள். அதைக் கேட்டு எட்வின் போனில் அழுதான். பிரிசில்லா அழவில்லை, வேலை பார்த்த ஊரிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கம்பெனியில் யாருக்கும் கொடுக்காததை அவளுக்குக் கொடுத்தார்கள், வீட்டிலிருந்தே செய், தப்பு ஒன்றும் வராமல் செய். தப்பு வராமல். அதுதான், அதுதான் முந்தானையைப் பிடித்து இழுப்பது. இது வெளியே தெரிந்தால் வேலையை எடுக்க மாட்டார்கள், நல்லவர்கள்தான், ஆனால் போதும், இங்கே வந்து எங்கள் கண்ணெதிரே உட்கார்ந்து செய் என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் அந்த வாளி, அந்தக் கறை, அந்தச் சொட்டு. பிதாவே. மகள் பக்கத்து அறையில் டைப் அடிக்கிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டுதான் இவள் இப்போதெல்லாம் குளிக்கப் போகிறாள், யாரிடமும் சொன்னதில்லை.

கீரை உருவி முடிந்து, கழுவ எழும்பும்போது, எம்மா, கொஞ்சம் வாங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க என்று சத்தம் வந்தது. பிரிசில்லாவின் முகம் மாறியிருந்தது. கண்டுபிடித்துவிட்டாளாம். தேதியைப் பார்த்திருக்கிறாள், எல்லா ஃபைலும் பழைய தேதி, ஒன்று மட்டும் இன்றைக்குக் காலைத் தேதி, ஊமை மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பழையதை வைக்க வேண்டும். ஆனால் எழும்பாத கம்ப்யூட்டருக்குள்ளே போய் எப்படி எடுப்பது, அதனால் காலையில் ஒன்றுக்குச் செய்த மாதிரியே அதனுடைய டிஸ்க்கைத் திரையிலேயே கழற்றி, நன்றாக இருக்கிற வேறொன்றில் மாட்டி, அங்கே வைத்து எடுத்துவிட்டு, மறுபடி கழற்றி இதில் மாட்டணும். ஒவ்வொன்றுக்கும் அப்படி. அன்னபாய்க்கு உடனே விளங்கிற்று, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பிரிசில்லாவுக்கு மூன்று வயது இருக்கும்போது மூக்குக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டாள். தானாக மூக்கைச் சிந்தத் தெரியாது, அழ அழ உள்ளே போகிறது. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு மேரியம்மா மடியில் போட்டு, அவள் ஒரு கையால் தலையை அமுக்கி, ஹேர்பின் வளைவால் நோண்டி எடுத்தாள். இன்னொருத்தர் மடி வேண்டியிருக்கிறது. அன்றைக்கும் பெற்றவள் கையால் ஆகவில்லை. இப்போது அன்னபாய் செய்ய வேண்டியது வேறு: டிஸ்க் பூட்டியிருக்கிறது, திறக்க நீளமாய் ஒரு நம்பர், அது போனில் இருக்கிறது, திரையில் திறந்திருக்கிற கறுப்புக் கட்டத்தில் அப்படியே நகலெடுத்து ஒட்ட முடியாது, ஒவ்வொரு எண்ணாக அடிக்கணும், போனையும் பார்த்துத் திரையையும் பார்த்தால் தப்பு வருகிறது. நீங்க வாசிங்க, நான் அடிக்கேன். அன்னபாய் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தாள். மாதர் சங்கத்தில் வேதபாடம் வாசிக்கிற அதே குரல் வந்தது, ஆறாறு எண்ணாக நிறுத்தி, நிறுத்துகிற இடத்தில் மூச்சு விட்டு. நாலு, சைபர், ஏழு. வாசிக்கும்போது மனசு ஓடவில்லை. அர்த்தமே இல்லாத எண்களைத் தப்பில்லாமல் வாசிப்பதில் இவ்வளவு அமைதி இருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். முதலில் ஒன்றை மட்டும் சரிசெய்தாள் பிரிசில்லா. மாட்டி, எழுப்பிவிட்டு, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு. புள்ளிகள். வட்டம் சுற்றிச் சுற்றி, நீலம் வரப்போகிற இடம் தாண்டி, ஒரு மலைப் படம் வந்தது, மணி வந்தது. அடுத்ததற்கு உடனே போகவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் மகள், ஒரு தடவை அணைத்து எழுப்பினாள், இன்னொரு தடவை அணைத்து எழுப்பினாள். காலையில் இதைச் செய்ய விட்டிருந்தால் என்று அன்னபாய் நினைத்தாள், நினைத்தது முகத்தில் தெரியாதபடிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. கதிரேசன், பிரிசில்லாவுக்கு மேலதிகாரி, சேலத்துப் பக்கத்துக்காரர், வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கிக் கொடுத்தது அவர்தான். கை விசைப்பலகையில் இருந்ததால் மகள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். அன்னபாய் வெளியே வந்துவிடுவதுதான் மரியாதை, வாசல்வரைக்கும் வந்தாள், நிலைக்கு அப்பால் கால் போகவில்லை. ஒன்று எழும்பிவிட்டது, மற்றதும் எழும்பிவிடும் என்று மகள் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. அப்புறம், மேலிடத்துக்கு ஒரு விளக்கம் எழுதணும் என்றார், மெல்ல, இடறி விழாமல் இருக்க ஒரு கையை நீட்டுகிற மாதிரி. "ஃபைலே கெட்டுத்தான் வந்திருக்கு, அது ஃபைல அனுப்புனவங்க பண்ணுன வேல. நாம ஒரு மெஷின்ல போட்டுப் பாத்துட்டுத்தான் மத்ததுக்கு அனுப்புனோம்னு எழுதிக்கலாமா பிரிசில்லா? அப்படித்தான செஞ்சிருப்பீங்க?" பிரிசில்லா தலையை நிமிர்த்தினாள், நிமிர்ந்த இடத்தில் அம்மா நின்றாள். அன்னபாயின் தலை ஆடியது. ஆமா என்று. சொல்லிவிடு என்று. யாரும் ஆட்டச் சொல்லவில்லை, அவள் ஆட்டுகிறோம் என்று நினைத்துக்கூட ஆட்டவில்லை, கழுத்து தானாக, ஒரு தரம், இன்னொரு தரம், நன்றாகத் தெரிகிற மாதிரி ஆடியது. மகள் பார்த்தாள். பார்த்தது ஒரு கணம்தான், ஆனால் அந்தக் கணத்துக்குள்ளே அன்னபாய் இந்த வீட்டில் இத்தனை வருஷம் சொன்ன ஜெபமெல்லாம் வரிசையாக வந்து நின்று அவளைத் திரும்பிப் பார்த்தது. "இல்ல சார்" என்றாள் பிரிசில்லா. "ஒண்ணுல போட்டுப் பாக்கல. நான்தான் எல்லாத்தையும் டிக் பண்ணி மொத்தமா அனுப்பிட்டேன்." ஏன் என்று அவர் கேட்டார். அன்னபாய் காத்திருந்தாள், அம்மா கூப்பிட்டாங்க என்று வரும், வரட்டும், அதுதானே உண்மை, வந்தால் நல்லது. "அவசரப்பட்டுட்டேன் சார்" என்றாள் மகள், அவ்வளவுதான். சரி, முதல்ல எல்லாத்தையும் எழுப்புங்க, அப்புறம் பேசிக்கலாம் என்று அவர் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மகள் அம்மாவைப் பார்க்கவில்லை, வாங்கம்மா, அடுத்த நம்பர் என்று மட்டும் சொன்னாள். அன்னபாய் போய் உட்கார்ந்து வாசித்தாள். குரல் முன்னைப் போல வரவில்லை, மூன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் எட்டைச் சொல்லி, தப்பு, தப்பு, மூணு என்று திருத்தினாள். யார் பெற்ற பிள்ளை இது. நான் பெற்றது. நான் சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுத்ததை அது வைத்துக்கொண்டது, சொல்லிக்கொடுத்தவள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்த வாசலில் நின்றது யாரென்று கேட்டிருப்பார். இல்லை, கேட்டிருக்க மாட்டார், அவரும் ஒரு தடவை, அது எதற்கு இப்போது, ஆறு, இரண்டு, ஒன்பது. ஒன்று எழும்பியது. அடுத்ததும் எழும்பியது. மத்தியானத்துக்குள் எல்லாம் வரிசையாக எழும்பின, மலைப் படமும் மணியுமாக, ஒன்றும் நடக்காத மாதிரி, எழும்பினவைகளுக்கு விழுந்தது நினைவில்லை. எங்கேயோ சீட்டு அடிக்கத் தொடங்கியிருக்கும். எங்கேயோ ஒருத்தர் குடையை ஓரத்தில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டியிருப்பார், பாதிப் பேர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போயும் இருப்பார்கள். நன்றி சொல்லலாம் என்று அன்னபாய் வாயைத் திறந்தாள், யாருடைய கண்ணை நேராகப் பார்ப்பது என்று தெரியாத மாதிரி மூடிக்கொண்டாள்.

கீரையைப் பாசிப்பருப்போடு போட்டுத் துவட்டிக்கொண்டிருக்கும்போது கதிரேசன் மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை ஸ்பீக்கர் இல்லை. சரி சார், சரி சார், புரியுது சார் என்று மகள் சொல்வது மட்டும் கேட்டது. வந்து அடுக்களை வாசலில் நின்று, சத்தத்தில் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்: வேலைக்கு ஒன்றுமில்லை, உண்மையைச் சொன்னதற்கு அவர் நன்றாகத்தான் பேசினார், ஆனால் விசாரணை முடிகிறவரைக்கும் ஆபீசுக்கு வந்து செய்யணும், திங்கட்கிழமை அங்கே இருக்கணும். முடிகிறவரைக்கும் என்றால் எவ்வளவு நாள் என்று அவருக்கே தெரியாதாம். அன்னபாய் அகப்பையால் கீரையைக் கிளறினாள், கிளற வேண்டிய அளவுக்கு மேலேயே கிளறினாள். அப்புறம் திரும்பாமல், "நான் கூப்பிட்டதாலதானட்டி" என்றாள். கேட்டுவிட்டாள். காலையிலிருந்து உள்ளே எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது. பிரிசில்லா கிட்டே வந்து அடுப்பைச் சிம்மில் வைத்தாள். "இல்லம்மா. நீங்க மொதத் தடவ கூப்பிடுததுக்கு முன்னாலயே அனுப்பிட்டேன். நீங்க அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க." அப்படியா, என்றாள் அன்னபாய். அப்படியா. அவ்வளவு பெரிய மனுஷர் கேட்டு, தப்பிக்க வழியும் காட்டி, பெற்ற தாய் தலையும் ஆட்டி, அப்போது பொய் சொல்லாத பிள்ளை இப்போது சொல்லுமா, சொல்லாது, அப்படியானால் நான் காரணமில்லை. சொல்லும், தனக்காக என்றால் சொல்லாது, எனக்காக என்றால் சொல்லும், அப்படியானால் நான்தான் காரணம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, இன்னொன்றிலிருந்து ஒன்றுக்கு. மகளுடைய முகத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். திரும்பினாள். பிள்ளை களைத்துப்போய் நின்றது, நெற்றியில் முடி ஒட்டி, கண் சிவந்து, அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, பசி மட்டும் தெரிந்தது. நீங்களும் என்கூட வந்துருங்களேன் என்றாள் பிரிசில்லா, பழைய கேள்விதான், பதில் தெரிந்தே கேட்பது. சபையை விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு அங்கே போய் நான் என்ன பண்ண என்று சொல்லி, அதற்குப் பிறகு அன்னபாய், மகள் கேட்காத ஒன்றுக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள். "நீ தைரியமா போயிட்டு வா. தனியா இருக்க எனக்கு ஒரு பயமும் கெடையாது." எவ்வளவு சுத்தமாக வந்தது அது, ஒரு தடங்கல் இல்லாமல், எண் வாசித்த மாதிரி. பிரிசில்லா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, சரிம்மா என்றாள். அன்னபாய் இரண்டு தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.